பசுமலை, திருப்பரங்குன்றம் கல்லூரிப் பக்கம் சைவச் சாப்பாடு: கலப்புக் கடைகளில் எதை நம்பிக் கேட்பது?

முதுகலை_முதலாண்டு எழுதியது:

வணக்கம். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து, மதுரைப் பசுமலையை ஒட்டிய கல்லூரி ஒன்றில் இந்த ஆண்டு முதுகலை சேர்ந்திருக்கிறேன். முட்டையும் சேர்க்காத சைவம். காலையும் இரவும் விடுதியில் சமாளித்துக்கொள்கிறேன். மதியமும், வகுப்பு முடிந்து தோழிகளோடு வெளியே போகிற மாலையும்தான் சிக்கல். என் வகுப்பில் பெரும்பாலோர் அசைவம் சாப்பிடுகிறவர்கள். அவர்கள் விரும்பிப் போகிற இடங்கள் பரோட்டாக் கடைகளும், பிரியாணியும் சைனீஸும் சேர்த்து நடத்துகிற சிறு உணவகங்களுமாகத்தான் இருக்கின்றன. எனக்காக எல்லாரையும் வேறு கடைக்கு இழுத்துப் போக விருப்பமில்லை. தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவும் விருப்பமில்லை. இத்தகைய கடைகளில் ஒரு சைவர் எதைக் கேட்கலாம், எதைத் தொடக்கூடாது, கடைக்காரரைப் புண்படுத்தாமல் எப்படிக் கேட்பது என்று இப்பகுதியில் இருப்பவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். "உயர்தர சைவ உணவகம்" என்று பலகை வைத்த பெரிய கடைகளை நான் அறிவேன். மாணவர் கைக்காசுக்கு அவை தினப்படி கட்டுப்படியாகாது.

திருநகர்வாசி எழுதியது:

நல்ல கேள்வி, தங்கச்சி. இப்பகுதிக் கடைகளைப் பொறுத்தவரை, எந்தக் கடைக்குப் போகிறீர்கள் என்பதைவிட எந்த நேரத்துக்குப் போகிறீர்கள் என்பதே முக்கியம் என்பது என் கருத்து. காலை பதினொரு மணி வரை மதுரையின் சிறு கடைகளில் பெரும்பாலானவை நடைமுறையில் சைவக் கடைகள்தாம். இட்லி, பொங்கல், வடை, பூரிக்கிழங்கு, தோசை, இரண்டு மூன்று வகைச் சட்னி, சாம்பார் என்று அடுப்பில் இருப்பதெல்லாம் காய்கறியும் பருப்பும்தான். அந்த நேரத்தில் தோசைக்கல்லில் ஆம்லெட் விழுந்திருக்கும் வாய்ப்பு மட்டும் உண்டு. அதையும் கல்லுக்கு அருகில் நின்று பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

மதியம் சாப்பாட்டு நேரம். கலப்புக் கடையானாலும் சோறு, சாம்பார், ரசம், கூட்டு, பொரியல், மோர் ஆகியவை தனித்தனிப் பாத்திரங்களில் ஆக்கப்படும். மீன் குழம்பும் கோழிக் குழம்பும் வேறு வாளிகளில் வரும். இங்கே கவனிக்க வேண்டியது கரண்டியைத்தான். பரிமாறுகிறவர் அவசரத்தில் வாளி மாற்றிக் கரண்டி போடுவது வழக்கம். இலை போட்ட உடனே "சைவம்" என்று சொல்லிவிட்டால் அவரே எச்சரிக்கையாக இருப்பார். பாதிச் சோற்றுக்கு மேல் சொல்வதில் பயனில்லை.

மாலை நாலு மணிக்கு டீக்கடை எண்ணெய்ச் சட்டி. வாழைக்காய் பஜ்ஜி, உளுந்த வடை, பருப்பு வடை ஆகியவற்றோடு முட்டை போண்டாவும் அதே சட்டியில்தான் வேகும். கண்ணாடிப் பெட்டிக்குள் முட்டை போண்டா தெரிந்தால் அன்றைய எண்ணெயின் கதை முடிந்தது. அதற்குப் பதில் முள்முருங்கை வடை மட்டும் போடுகிற அம்மாக்களின் தள்ளுவண்டி கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள். அரிசி மாவில் முள்முருங்கை இலையை அரைத்துச் சேர்த்து, மேலே பொடி தூவித் தருவது. தஞ்சையில் இது அவ்வளவாகக் கிடைக்காது என்று நினைக்கிறேன்.

ஆறரை மணிக்குப் பரோட்டாக் கல் சூடானபின் அதே கடை வேறு கடையாகிவிடுகிறது. காலையில் நீங்கள் பொங்கல் சாப்பிட்ட அந்த மேசையில் இரவு சைவர் ஒருவர் கேட்டு வாங்கக்கூடியது மிகக் குறைவு. ஆகவே தோழிகளோடு போவதைக் காலைச் சிற்றுண்டிக்கோ மதியச் சாப்பாட்டுக்கோ மாற்ற முடியுமானால், உங்கள் சிக்கலில் முக்கால்வாசி அங்கேயே தீர்ந்துவிடும்.

கோயில்வாசல்_சைவம் எழுதியது:

கலப்புக் கடைக்கே போகாமல் இருப்பதுதான் ஒரே வழி. திருப்பரங்குன்றத்தில் முருகன் கோயிலைச் சுற்றித் தேடினால் சைவக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. அசைவம் ஆக்குகிற அடுப்பில் சைவத்தை எதிர்பார்ப்பதே வீண்.

மெஸ்_நடத்தியவர் எழுதியது:

மேலே எழுதியவரின் உறுதியை மதிக்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளை கேட்டது வேறு: தோழிகளோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வழி உண்டா என்பதே கேள்வி. கல்லூரி வாசலில் பல ஆண்டுகள் மெஸ் நடத்தியவன் என்ற முறையில், கலப்புக் கடையின் சமையற்கட்டு எப்படி நடக்கிறது என்று சொல்லிவிட்டால், எதைக் கேட்கலாம் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

முதலில் சால்னா. பரோட்டாக் கடையில் ஒரு பெரிய அண்டாவில் வெங்காயம், தக்காளி, தேங்காய், சோம்பு, பட்டை எல்லாம் சேர்த்து ஓர் அடிப்படைக் குழம்பு கொதிக்கும். சில கடைகளில் அதை முதலில் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மீதியில் எலும்பும் கறியும் போடுவார்கள். அப்படி எடுத்து வைத்ததே சைவச் சால்னா. வேறு சில கடைகளில் எல்லாமே ஒரே அண்டாதான். சைவம் என்று கேட்டால் கறித்துண்டு விழாமல் மேலாக மொண்டு ஊற்றுவார்கள். கேட்க வேண்டிய கேள்வி "சைவச் சால்னா இருக்கிறதா" என்பதல்ல. அதற்கு எந்தக் கடையிலும் "இருக்கு" என்றுதான் பதில் வரும். "சைவத்துக்குத் தனிச் சட்டியா, அண்ணே?" என்று கேளுங்கள். பெரும்பாலான மாஸ்டர்கள் இதற்குப் பொய் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் சட்டி கண்ணெதிரே இருக்கிறது.

அடுத்து குஸ்கா. பிரியாணிச் சட்டியிலிருந்து கறி இல்லாமல் எடுத்த சோறு அது. கறியின் சாறு முழுவதும் அதில் இறங்கியிருக்கும். துண்டு இல்லை என்பதால் சைவம் என்று நம்பி வெளியூர்ப் பிள்ளைகள் வாங்கிவிடுகிறார்கள். வெஜிடபிள் பிரியாணி என்று தனியாக ஆக்கினால் அது வேறு. குஸ்காவின் மேல் நாலு பட்டாணியைத் தூவித் தருவதும் உண்டு.

பரோட்டா மாவில் முட்டை உடைத்து ஊற்றுவது கடைக்குக் கடை மாறும். பன் பரோட்டாவில் பாலும் சர்க்கரையும் சேரும், அதிலும் முட்டை சேர்ப்பவர்கள் உண்டு. மாவு பிசைவது பிற்பகலில். அந்த நேரத்தில் கடைப்பக்கம் போனால் முட்டை அட்டை மாவுக்கருகில் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். கொத்துப் பரோட்டாவில் முட்டை சொல்லாமலே விழும். "முட்டை இல்லாமல்" என்று சொன்னால் போடமாட்டார்கள், ஆனால் அந்தக் கல்லில் சற்று முன் கறிக்கொத்து போட்டிருப்பார்கள். கல்லைத் தண்ணீர் தெளித்துத் துடைப்பத்தால் கூட்டுவதைச் சுத்தம் என்று ஏற்பதா வேண்டாமா என்பது உங்கள் மனத்தைப் பொறுத்தது.

ஏன் தனிச் சட்டி, தனிக் கல், தனி எண்ணெய் வைக்கக்கூடாது என்று கோபப்படுகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். 19 கிலோ வணிகச் சிலிண்டரில் ஓடுகிற சிறு கடையில் ஓர் அடுப்பு கூடினால் கல்லாவில் உடனே தெரியும். நாளைக்கு நாலு தட்டுக் காலிஃபிளவர் 65 மட்டும் போகிற கடையில் அதற்கென ஒரு சட்டி எண்ணெய் வைத்தால், அது விற்றுத் தீரும் முன் கருத்துப்போகும். பொரித்த எண்ணெயில் மொத்தத் துருவச் சேர்மங்கள் (திரும்பத் திரும்பச் சூடாக்குவதால் எண்ணெய் சிதைந்து உண்டாகிறவை) 25 விழுக்காட்டைத் தாண்டினால் பயன்படுத்தக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி; ஆக, தனி எண்ணெய் வைப்பவர் அதை அடிக்கடி கொட்டவும் வேண்டும். கல்லூரிக் கடைக்கு ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை வியாபாரமே படுத்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் என் மெஸ்ஸைச் சைவமாக மட்டும் நடத்த முடிந்ததற்குக் காரணம் கொள்கை இல்லை, சரக்கு மாஸ்டர், அதாவது தலைமைச் சமையற்காரர் ஒருவர் சைவச் சமையலில் கைதேர்ந்தவராக அமைந்ததுதான்.

முதுகலை_முதலாண்டு எழுதியது:

மிக்க நன்றி ஐயா. தனிச் சட்டி என்ற கேள்வி எனக்குப் பெரிய உதவி. ஒரு சந்தேகம்: சைனீஸ் பக்கம் எப்படி? என் தோழிகள் ஃப்ரைட் ரைஸும் நூடுல்ஸும் மஞ்சூரியனும்தான் அதிகம் வாங்குகிறார்கள். அஜினோமோட்டோவில் ஏதோ மாமிசம் இருப்பதாக விடுதியில் ஒருவர் சொன்னார்.

உணவறிவியல்_மாணவர் எழுதியது:

அஜினோமோட்டோவில் மாமிசம் இல்லை. 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகெடா கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த சுவைப்பொருள் அது; இன்று கரும்புச் சர்க்கரைப்பாகு, மரவள்ளி மாவு போன்றவற்றை நொதிக்க வைத்துத் தயாரிக்கிறார்கள். சைவர்கள் சைனீஸ் அடுப்பில் அஞ்ச வேண்டியவை வேறு. சூப்பிலும் ஃப்ரைட் ரைஸிலும் சுவைக்காகத் தூவப்படும் கோழித் தூள் ஒன்று உண்டு. பல சமையற்காரர்கள் அதை உப்பைப் போல எல்லாவற்றிலும் கை நிறையப் போடுவார்கள். சிப்பிச் சாஸும் மீன் சாஸும் பெயரிலேயே சொல்லிவிடுகின்றன, ஆனால் பட்டியலில் அவற்றின் பெயர் இராது. அதோடு வாணலி ஒன்றே ஒன்றுதான்; முட்டையைப் பொரித்துவிட்டு, தண்ணீர் ஊற்றி ஒரு சுழற்றுச் சுழற்றிக் கொட்டிவிட்டு, உடனே உங்கள் சாதத்தை அதில் போடுவார்கள்.

மயோனைஸ் பற்றியும் சொல்ல வேண்டும். வெஜ் சாண்ட்விச், வெஜ் ரோல் என்று விற்பதில் தடவுவது முட்டை மயோனைஸாக இருக்கலாம். 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குப் பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தமிழ்நாடு அரசு தடை செய்தது, கிருமித்தொற்று அச்சத்தால். அத்தடையைத் தொடர்ந்து முட்டையில்லா மயோனைஸுக்குக் கடைகள் சில மாறின, அது சைவர்களுக்குத் தற்செயலாகக் கிடைத்த நன்மை. டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள்; பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருக்க வேண்டும். இந்திய முத்திரை விதிகளின்படி முட்டை அசைவக் கணக்கில்தான் வரும், பாலும் தேனும் வராது. ஆகவே பச்சைப் புள்ளி போட்ட பொட்டலத்தில் முட்டைக்கு இடமில்லை. தட்டில் பரிமாறுவதற்குப் புள்ளி கிடையாது. அங்கே கேள்விதான் ஒரே வழி.

ஜிகர்தண்டா குடிக்கலாமா என்றும் அடுத்துக் கேட்பீர்கள் என்பதால் முந்திக்கொள்கிறேன். அதில் வழுவழுப்பாக வருவது கடற்பாசி அல்லது பாதாம் பிசின். இரண்டும் தாவரப் பொருள்களே, எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் அல்ல. பால், நன்னாரிச் சர்பத், ஐஸ்கிரீம் ஆகியவற்றில் சைவர்க்குப் பொதுவாகத் தடையில்லை.

எதார்த்தவாதி எழுதியது:

கண்ணுக்குத் தெரியாத கோழித் தூளுக்காக இவ்வளவு விசாரணையா? அசைவம் சாப்பிடுகிற நாங்கள் சைவக் கடைக்கு வந்தால் எதையும் கேட்பதில்லையே. இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் தனி மேசை, தனி வாசல் என்று போய் நிற்கிறது. 2018 டிசம்பரில் சென்னை ஐஐடியின் உணவுக்கூடம் ஒன்றில் சைவர்க்கும் அசைவர்க்கும் தனித்தனி வாசல், தனித்தனிக் கை கழுவுமிடம் என்று ஒட்டியதும், எதிர்ப்பு வந்தபின் கிழித்ததும் மறந்துவிட்டதா?

தெப்பக்குளத்தார் எழுதியது:

மறக்கவில்லை, அந்த எதிர்ப்பு நியாயமானது என்பதும் என் கருத்து. ஆனால் இங்கே இந்தப் பெண் தனி மேசை கேட்கவில்லையே. அசைவம் சாப்பிடுகிற தோழிகளோடு ஒரே மேசையில் உட்காருவதற்காகத்தான் தன் தட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். பக்கத்தில் இருப்பவர் என்ன சாப்பிடுகிறார் என்பதில் தலையிடுவது ஒன்று, தன் வாய்க்குள் போவதைத் தெரிந்துகொள்ள விரும்புவது இன்னொன்று. வேர்க்கடலை ஒவ்வாத ஒருவர் இப்படிக் கேட்டால் நாம் யாரும் முகம் சுளிப்பதில்லை. காசு கொடுத்து வாங்குகிறவர் கேட்கலாம். கடைக்காரர் "எங்களிடம் அப்படி இல்லை" என்று சொல்லவும் உரிமை உண்டு, அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாமல் எழுந்து வரவும் தெரிய வேண்டும்.

இழை_மேற்பார்வை எழுதியது:

உணவு அரசியலுக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே கேட்கப்பட்டதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

நாகமலை_விடுதி எழுதியது:

பல்கலைக்கழகப் பக்கம், அதாவது நாகமலைப் புதுக்கோட்டையில், நிலைமை இன்னும் கடினம். ஊர் நகரத்தை விட்டுத் தள்ளியிருப்பதால் கடைகள் குறைவு, இரவில் சீக்கிரம் மூடிவிடுவார்கள். எங்கள் விடுதிச் சைவர்கள் கண்ட வழி, சேர்ந்து கேட்பது. ஒருவர் கேட்டால் தொந்தரவு, எட்டுப் பேர் தினமும் வருவோம் என்றால் வியாபாரம். பக்கத்துக் கடை அண்ணன் எங்களுக்காகவே சப்பாத்திக்குத் தனிக் கல்லும் பட்டாணிக் குருமாவும் வைத்தார். இப்போது அசைவம் சாப்பிடுகிறவர்களும் அந்தக் குருமாவைக் கேட்டு வாங்குகிறார்கள். விடுமுறை தொடங்கும் நாளை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுவோம். மாவு வீணாகக்கூடாது அல்லவா?

பரவை_அக்கா எழுதியது:

மாதத்தையும் பாருங்கள் தங்கச்சி. புரட்டாசி வந்துவிட்டால் உங்கள் தோழிகளில் பாதிப் பேர் வீட்டுக்காகச் சைவமாகிவிடுவார்கள், சனிக்கிழமைகளில் கலப்புக் கடைகளிலும் சாம்பார் சாதம், தயிர் சாதம், வெஜ் பிரியாணி கூடுதலாக இருக்கும். கார்த்திகை முதல் தேதியிலிருந்து ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் வருவார்கள். அவர்கள் கேட்கிற கேள்விக்கு முன்னால் உங்கள் கேள்வி ஒன்றுமே இல்லை. அந்த இரண்டு மாதங்களில் தனிக் கல் வைக்கிற கடைகள் எவை என்று குறித்துக்கொண்டால், தை பிறந்த பிறகும் அங்கே பேச்சுக்கு இடமிருக்கும்.

கைக்காசு என்றீர்கள். மாநகராட்சியின் அம்மா உணவகங்களை மாணவர்கள் ஏனோ மறந்துவிடுகிறார்கள். 2013-இல் சென்னையில் தொடங்கியபோது இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய் என்று வைத்தார்கள். பட்டியல் முழுவதும் சைவம். வரிசையில் நிற்க வெட்கப்படாதவர்களுக்கு மதியச் சிக்கலே இல்லை.

உணவறிவியல்_மாணவர் எழுதியது:

அக்கா சொன்னதோடு ஒன்று. வெளிக் கடையில் சாப்பிடும் சைவ மாணவர்கள் பெரும்பாலும் சோறும் மாவும் மட்டுமே சாப்பிடுகிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, வயது வந்தவர்க்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 50 கிலோ எடையுள்ளவர்க்கு ஏறத்தாழ 41.5 கிராம். இரண்டு பரோட்டாவும் சால்னாவும் அதில் எங்கோ தொடக்கத்தில் நிற்கும். கொண்டைக்கடலைச் சுண்டல், அவித்த வேர்க்கடலை, கெட்டிப் பருப்பு, தயிர் ஆகியவற்றை நாளில் எங்காவது நுழைத்துக்கொள்ளுங்கள். பி12 தாவர உணவில் கிடைப்பதில்லை, முட்டையும் சேர்க்காத உங்களுக்குப் பாலும் தயிரும்தான் அதற்கு வழி. மதியச் சாப்பாட்டில் தண்ணீர் மோரை வாங்கித் திருப்தியடையாமல் தனியாக ஒரு கப் தயிர் கேளுங்கள்.

முதுகலை_முதலாண்டு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை எங்கள் வழக்கமான கடையில் தனிச் சட்டிக் கேள்வியைக் கேட்டேன். மாஸ்டர் சிரித்துவிட்டு, "சால்னா வேண்டாம்மா, தேங்காய்ச் சட்னி தர்றேன், தோசை மட்டும் சாப்பிடு, கல்லைக் கழுவிட்டு ஊத்துறேன்" என்றார். பரோட்டாவில் முட்டை உண்டு என்பதையும் அவரே சொன்னார். தோழிகள் கொத்துப் பரோட்டா, நான் தோசை. எல்லாரும் ஒரே மேசை. மதியத்துக்கு நாகமலை நண்பர் சொன்னபடி வகுப்பில் இன்னும் மூன்று சைவர்களைச் சேர்த்திருக்கிறேன், எங்கள் நால்வர்க்குக் கூட்டும் கெட்டிப் பருப்பும் கூடுதலாக வைக்க ஒரு மெஸ் அக்கா ஒப்புக்கொண்டிருக்கிறார்.

கடைசியாக ஒன்று: பிறந்தநாள் என்றால் பேக்கரிக்குத்தான் போகிறார்கள். வெஜ் பப்ஸ் வாங்கலாமா?

மெஸ்_நடத்தியவர் எழுதியது:

உள்ளே வைத்த மசாலா சைவம்தான், ஆனால் பளபளப்புக்காக மேலே முட்டை தடவுகிற பேக்கரிகள் உண்டு, முட்டை பப்ஸும் அதே தட்டில்தான் வேகும். கேட்டு வாங்குங்கள். கேக் என்றால் முட்டையில்லாக் கேக் என்று முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். அவசரத்துக்கு என்றால் தேங்காய் பர்ஃபியும் மைசூர்பாகும் எந்த மிட்டாய்க் கடையிலும் கிடைக்கும், மெழுகுவர்த்தி அதிலும் நிற்கும்.